பழைய கேசட்டைக் கணினியில் ஏற்றும்போது பிரேம் விடாமல் பதிவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் கொங்கு நாட்டில் நடந்த கல்யாணம், காதுகுத்து, கோயில் குண்டம் (தீமிதி), கிரகப்பிரவேசம் எல்லாம் இன்னும் பல வீட்டுப் பரண்களில் கேசட்டாகக் கிடக்கின்றன. இணைச்சீர்ச் சடங்கும் மங்கல வாழ்த்துப் பாட்டும் முழுதாகப் பதிவான கேசட்டுகள் அவை. அதில் இருக்கும் அப்புச்சியும் அப்பத்தாவும் இன்று பல வீடுகளில் இல்லை. அவற்றைக் கணினிக்கு ஏற்ற உட்காருகிறவர்களுக்கு வரும் சந்தேகம் பொள்ளாச்சியிலும் ஈரோட்டிலும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைக் கீழே கொடுத்திருக்கிறோம்.

வீட்டுல கல்யாண கேசட்டு கெடக்குதுங்க. கம்ப்யூட்டர்ல ஏத்தோணும்னா என்னென்ன வேணும்?

நன்றாக ஓடுகிற ஒரு டெக், மஞ்சள்-சிவப்பு-வெள்ளை பின் உள்ள ஏவி வயர், டெக்கின் படத்தையும் ஒலியையும் கணினிக்குக் கொடுக்கும் யூஎஸ்பி கேப்சர் கருவி, போதுமான காலி இடம் உள்ள கணினி. மென்பொருளுக்குக் காசு வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் வர்ச்சுவல்டப் போதும். இதில் டெக்தான் அரிது. கடைசிவரை விஎச்எஸ் டெக் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. உறவுக்காரர் வீட்டில் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் கோவை உக்கடம் பழைய சாமான் கடைகளில் தேடுங்கள். எந்த டெக் கிடைத்தாலும், போனால் போகட்டும் என்கிற ஒரு சினிமா கேசட்டை முதலில் ஓட்டிப் பாருங்கள். கல்யாண கேசட்டை நேராகச் செருக வேண்டாம். அதைப் போடுமுன் முதுகுப் பக்கத்தில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் அழியாது.

கேப்சர் கருவியை மாட்டியதும் வீடியோ முறையை நம் நாட்டு முறையான 'பால் பி' (PAL B) என்று மாற்றுங்கள். பல கருவிகள் அமெரிக்க முறையான என்டிஎஸ்சி-யில் வருகின்றன. அப்படியே விட்டால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், அல்லது உருண்டுகொண்டே இருக்கும். அளவு 720×576, நொடிக்கு 25 பிரேம் (ஒவ்வொரு தனிப்படமும் ஒரு பிரேம்). ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்.

எங்களுது எட்டு வருசத்துக் கம்ப்யூட்டர்ங்க. இதுக்குன்னு புதுசு வாங்கோணுமா?

வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 720×576 படத்தில் ஒரு புள்ளிக்கு 2 பைட். ஒரு பிரேம் 8,29,440 பைட். நொடிக்கு 25 பிரேம் என்றால் 20.7 எம்பி. சாதாரண ஹார்ட் டிஸ்க்கே தொடர் எழுத்தில் இதைப் போல மூன்று நான்கு மடங்கு தாங்கும். இரண்டு கோர் செயலி, 4 ஜிபி ராம் உள்ள கணினியில் இந்த வேலை ஒழுங்காக நடக்கும்.

வேகம் போதாமல் பிரேம் போவது அபூர்வம். நடுவில் அரை நொடி கணினி வேறு வேலைக்குப் போய்விடுவதால்தான் பிரேம் போகிறது. கேசட் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கணினி திரும்பி வரும்வரை அது காத்திருக்காது. அந்த அரை நொடியை எப்படித் தடுப்பது என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க.

சின்ன கேசட்டு, மினி டிவி. அதுக்கும் இதே கருவிதானுங்களா?

இல்லை. மினி டிவி (MiniDV) கேசட்டில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் தரவு. ஏவி வயரில் எடுத்தால் அதை அனலாக்காக மாற்றி மறுபடி டிஜிட்டலாக மாற்றுகிறீர்கள்; தரம் வீணாகப் போகும். கேமராவில் 'DV' என்று எழுதிய துளையிலிருந்து ஃபயர்வயர் (1394 என்றும் சொல்வார்கள்) வழியாக எடுத்தால் கேசட்டில் உள்ள பிட் அப்படியே நகலாகும். ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி. மேசைக் கணினிக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு வாங்குங்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லு உள்ளதாகப் பார்த்து எடுத்தால் தொல்லை குறைவு. விண்டோஸ் 10-இல் கேமரா தெரியாவிட்டால், மைக்ரோசாஃப்ட் தனியாகத் தரும் 1394 'லெகசி' டிரைவரை நிறுவி, டிவைஸ் மேனேஜரில் அதற்கு மாற்றுங்கள்.

ஒரு பக்கம் ஃபயர்வயர், மறுபக்கம் யூஎஸ்பி என்று விற்கும் வெறும் வயரை வாங்கிக் காசை விடாதீர்கள். இரண்டின் மொழியும் வேறு. வயரால் மொழிபெயர்க்க முடியாது. கேமராவில் இருக்கும் யூஎஸ்பி துளையும் பெரும்பாலும் போட்டோ எடுப்பதற்குத்தான். ஃபயர்வயரைச் செருகும்போது கேமரா அணைந்திருக்கட்டும். ஓடும்போது செருகி துளை எரிந்துபோன கேமராக்கள் நிறைய உண்டு.

பதியறப்ப கீழ 'டிராப்டு'ன்னு ஒரு எண்ணு ஏறீட்டே போவுது. அது என்னங்க? எப்படி நிறுத்தறது?

கேசட்டிலிருந்து வந்திருக்க வேண்டிய பிரேம் கோப்புக்குள் வந்து சேரவில்லை என்று பொருள். 10 பிரேம் போனால் 0.4 நொடி போயிற்று. தாலி கட்டும் கை ஒரு வெட்டு வெட்டி நகரும். பக்கத்திலேயே 'இன்செர்ட்டட்' என்று இன்னொரு எண் இருக்கும். பிரேம் வராத இடத்தில் மென்பொருள் முந்தைய பிரேமையே மறுபடி போட்டு நிரப்பிய கணக்கு அது. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரத்தில் இரண்டு மூன்று என்றால் கண்ணுக்குத் தெரியாது. நிமிடத்துக்கு ஐந்து என்றால் பதிவை நிறுத்திவிட்டுக் காரணம் தேட வேண்டும்.

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் உடனே மோட்டாரை மாற்றுகிறோமா? வாய்க்காலோடு நடந்து எங்கே உடைந்திருக்கிறது என்று பார்க்கிறோம். இங்கேயும் அதேதான். டெக்கைக் கழற்றிவிட்டு, அதே ஏவி வயரைக் கேபிள் டிவி செட்டாப் பாக்ஸின் ஏவி துளையில் செருகி ஏதாவது ஒரு சேனலை 15 நிமிடம் பதியுங்கள். செட்டாப் பாக்ஸ் தரும் சிக்னல் துளி ஆடாது. அதிலும் பிரேம் போனால் பழுது கணினிப் பக்கம். அடுத்த கேள்விக்குப் போங்கள். அதில் ஒன்றும் போகாமல் கேசட்டில் மட்டும் போனால் பழுது டெக் பக்கம். அதற்கான பதில் 'கேசட்டைப் போட்டாத்தான்' என்று தொடங்கும் கேள்வியில் இருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் ராம் வாங்கிப் போடுவதும் விண்டோஸை மறுபடி ஏற்றுவதும் வீண் அலைச்சல்.

செட்டாப் பாக்ஸ் வச்சும் பாத்தாச்சுங்க, அதுலயும் டிராப் ஆவுது. எங்க கை வெக்கறது?

முதலில் யூஎஸ்பி துளை. மேசைக் கணினியின் முன்பக்கத் துளையை விட்டுவிட்டு, பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் துளையில் நேரடியாகச் செருகுங்கள். ஹப், நீட்டிப்பு வயர் எதுவும் வேண்டாம். யூஎஸ்பி 2.0 நொடிக்கு 480 மெகாபிட் என்று சொன்னாலும் கைக்கு வருவது 35 முதல் 40 எம்பி. அதில் பாதிக்கு மேல் கேப்சர் கருவியே எடுத்துக்கொள்கிறது. அதே வழியில் வெளி ஹார்ட் டிஸ்க்கும் வெப்கேமும் இருந்தால் இடிக்கும். டிவைஸ் மேனேஜரில் 'வியூ' பட்டியலில் 'டிவைசஸ் பை கனெக்‌ஷன்' என்று மாற்றினால் எது எதோடு வழியைப் பகிர்கிறது என்று தெரியும்.

அடுத்தது மின்சேமிப்பு. பவர் ஆப்ஷன்ஸில் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' தேர்ந்தெடுங்கள். உள்ளே போய் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை நிறுத்துங்கள். டிஸ்க், திரை, கணினி மூன்றும் தூங்காதபடி 'நெவர்' வையுங்கள்.

மூன்றாவது, பின்னணியில் ஓடுபவை. பெரிய கோப்பு வளர வளர ஆன்டிவைரஸ் அதைத் துழாவும். பதிவுக் கோப்புறையை அதன் விலக்குப் பட்டியலில் சேருங்கள். விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரம் நிறுத்திவையுங்கள். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் இரண்டையும் மூடுங்கள். வைஃபையை அணைத்துவிடுவது எல்லாவற்றிலும் சுலபம். வைஃபை டிரைவர் ஒன்றே பல கணினிகளில் குற்றவாளி. இவ்வளவுக்குப் பிறகும் போகிறதென்றால் லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். எந்த டிரைவர் செயலியைப் பிடித்துவைத்துக்கொள்கிறது என்று பெயரோடு காட்டும்.

வீடியோ பதியறதுக்கு எஸ்எஸ்டிதான் போடோணும்னு கடையில சொல்றாங்கொ. அப்படிங்களா?

வேகத்துக்காக என்றால் தேவையில்லை. மேலே கணக்குச் சொன்னோம். ஆனால் விண்டோஸ் இருக்கும் அதே ஹார்ட் டிஸ்க்கில் பதிந்தால், விண்டோஸ் எதையோ படிக்க முள் ஒரு ஓரம் போக, பதிவு மறு ஓரத்தில் காத்திருக்கும். விண்டோஸுக்கு ஒரு டிஸ்க், பதிவுக்கு வேறொரு டிஸ்க் என்பதுதான் சரியான ஏற்பாடு. ஒரே டிஸ்க்கை சி, டி என்று பிரிப்பது இதற்கு உதவாது. பிரித்தாலும் முள் ஒன்றுதான்.

வாங்கும்போது இரண்டு எச்சரிக்கை. விலை மலிவான எஸ்எஸ்டிகளில் முதல் சில பத்து ஜிபி வேகமாக எழுதும். அந்தத் தற்காலிக இடம் நிரம்பியதும் வேகம் சட்டென்று இறங்கும். எஸ்எம்ஆர் வகை ஹார்ட் டிஸ்க்கிலும் இதே கதை: நீண்ட எழுத்தின் நடுவே தன் பதிவுகளை அடுக்கிவைக்க அது நேரம் எடுத்துக்கொள்ளும். அரை மணி நேரம் ஒழுங்காகப் போய் அதன்பின் பிரேம் கொத்துக்கொத்தாகப் போனால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். டிஸ்க்கை நிறைக்கவும் வேண்டாம். கால்வாசி காலியாகவே இருக்கட்டும்.

மினி டிவி கேசட்டு கரெக்டா இருவது நிமிசம் ஆனா பதிவு நின்னு போவுதுங்க. கருவி சூடாவுதா?

சூடு இல்லை. டிஸ்க் எஃப்ஏடி32 முறையில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. மினி டிவி தரவு நொடிக்கு 3.6 எம்பி, 20 நிமிடம் நெருங்கும்போது 4 ஜிபி ஆகிவிடும். டிஸ்க்கில் உள்ளதை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்யுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு 75 ஜிபி ஆவுதே! நேரா எம்பி4-ஆ பதிஞ்சா ஆகாதுங்களா?

ஆகும், ஆனால் வேண்டாம் என்போம். கேசட் படத்தில் இரைச்சல் புள்ளி அதிகம். எம்பி4 குறைத்தெழுதும்போது அந்தப் புள்ளிகளுக்கே பாதி இடம் செலவாகி, முகம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். பிறகு நிறம் திருத்தவோ கோடு நீக்கவோ போனால் கட்டம் கட்டமாகப் பிரியும். செயலிக்கும் வேலை கூடி, பிரேம் போக இன்னொரு காரணம் முளைக்கும்.

நடுவழி ஒன்று உண்டு. ஹஃப்ஒய்யுவி, லகாரித், யூட்வீடியோ போன்ற இழப்பில்லாத கோடெக்கில் (படத்தைச் சுருக்கும் முறையில்) பதியுங்கள். ஒரு பிட் கூட இழக்காமல் மணிக்கு 30 ஜிபி அளவுக்கு இறங்கும். படத்தில் இரைச்சல் கூடினால் அளவும் கூடும். எட்டு வருடத்துக் கணினிக்கு ஹஃப்ஒய்யுவி அல்லது யூட்வீடியோ பொருந்தும். லகாரித் கொஞ்சம் சிறிதாகச் சுருக்கும், ஆனால் செயலியை அதிகம் கேட்கும். எம்பி4 ஆக்குவதைப் பதிவெல்லாம் முடிந்தபின் நிதானமாகச் செய்யலாம். அப்போது கணினி எவ்வளவு நேரம் எடுத்தாலும் கேசட் ஓடிக்கொண்டிருக்காது.

செட்டாப் பாக்ஸ்ல ஒண்ணு கூட போவுலீங்க. கேசட்டைப் போட்டாத்தான் டிராப் ஆவுது, மேல படம் கொக்கி மாதிரி வளையுது. ஏனுங்க?

கேசட் நாடா ஒரே சீரான வேகத்தில் ஓடுவதில்லை. நாள்பட்ட நாடா நீண்டும் சுருங்கியும் இருக்கும். அதனால் ஒவ்வொரு வரியும் வந்து சேரும் நேரம் கொஞ்சம் முன்பின் ஆகும். பழைய டிவி அதைச் சமாளித்துக்கொள்ளும். கேப்சர் கருவி கண்டிப்பானது. பிரேம் தொடங்கும் குறி கிடைக்கவில்லை என்றால் அந்த பிரேமையே விட்டுவிடும். உச்சியில் தெரியும் கொக்கி வளைவு இதே கோளாறின் இன்னொரு முகம்.

இதற்கு மருந்து டைம் பேஸ் கரெக்டர், சுருக்கமாக டிபிசி. நல்ல எஸ்-விஎச்எஸ் டெக்குகள் சிலவற்றில் உள்ளேயே இருக்கும். தனியாக வாங்கினால் விலை அதிகம். வீட்டுக்கு ஏற்ற வழி, பழைய டிவிடி ரெக்கார்டர். டெக்கிலிருந்து ஏவி வயரை அதன் உள்வரும் துளையில் கொடுத்து, வெளிவரும் துளையிலிருந்து கேப்சர் கருவிக்கு எடுங்கள். தட்டு எதுவும் போட வேண்டாம், அது வெறும் நடுவாளாக நின்று சிக்னலை நேர்ப்படுத்தித் தரும். எல்லா ரெக்கார்டரும் இதைச் செய்யாது. பானாசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 இரண்டும் இதில் பெயர் பெற்றவை. இறுதி வாய்ப்பாக, அனலாக் உள்ளே ஏற்கும் மினி டிவி கேமராவையும் இப்படி நடுவில் வைக்கலாம். அப்போது வெளியே ஃபயர்வயரில் எடுங்கள்.

அதற்கு முன் செலவில்லாத இரண்டு காரியம்: கேசட்டை ஒரு முறை கடைசிவரை ஓட்டி, மறுபடி முழுதாகச் சுற்றி எடுங்கள். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் ஒட்டியிருந்த நாடா தளர்ந்து சீராகும். பிறகு டிராக்கிங் பொத்தானை மெதுவாக நகர்த்தி, படத்தில் பனிக்கோடு குறையும் இடத்தில் நிறுத்துங்கள். பொத்தானைத் தொட்டபின் பத்து நொடி பொறுங்கள்; உடனே அடுத்த அழுத்து வேண்டாம்.

ஹெட்டைத் தொடைக்கோணும்ங்கறாங்க. எப்படித் தொடைக்கறது? காது குடையற பஞ்சு ஆவுமா?

பஞ்சு ஆகவே ஆகாது. டெக்கின் மூடியைக் கழற்றினால், சாய்ந்து நிற்கும் பளபளப்பான உருளை ஒன்று தெரியும். அதன் இடுப்பில், கண்ணை அருகில் கொண்டுபோனால் மட்டும் தெரிகிற மணல் பருமன் துருத்தல்கள்தான் நாடாவைப் படிக்கும் ஹெட். பஞ்சு இழை அதில் மாட்டினால் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும்.

பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். ஜெராக்ஸ் பேப்பரில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனையுங்கள். செல்போன் சர்வீஸ் கடைகளில் 'ஐபிஏ' என்று கேட்டால் கிடைக்கும். 99 சதவீதமாக வாங்குங்கள். நனைந்த பேப்பரை உருளையின் பக்கவாட்டில் ஒரு விரலால் பூப்போல ஒட்டிப் பிடித்து அசையாமல் வைத்துக்கொள்ளுங்கள். மறு கையால் உருளையின் உச்சியைப் பிடித்து மெதுவாக நாலைந்து சுற்று சுற்றுங்கள். உருளைதான் சுற்ற வேண்டும், பேப்பர் நகரக் கூடாது. மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் ஒடியும். பேப்பரில் காப்பிக் கறை போல ஒரு கோடு விழும். புதுத் துண்டில் கறை வராமல் போகும்வரை செய்துவிட்டு, அரை மணி நேரம் காயவிட்டுப் பிறகு மின்சாரம் கொடுங்கள்.

கேசட்டு சன்னல்ல பாத்தா நாடா ஓரத்துல வெள்ளையா பூத்திருக்குது. ஓட்டலாமுங்களா?

ஓட்டாதீர்கள். அது பூசணம். வால்பாறை, ஆனைமலை அடிவாரம் போன்ற ஈரப்பாங்கான இடங்களில் பீரோவுக்குள்ளேயே பிடித்துவிடும். ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். அந்தக் கேசட்டை மற்றவற்றிலிருந்து பிரித்து, மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு வாரம் வையுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள், நாடா வளையும். காய்ந்தபின்னும் துடைப்பது நுணுக்கமான வேலை. ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறதென்றால் அனுபவப்பட்ட ஆளிடம் கொடுங்கள். பிடிவாதமாக ஓட்டித்தான் பார்ப்பேன் என்றால், போனால் கவலையில்லாத வேறொரு டெக்கில் ஓட்டுங்கள்.

ஆரம்பத்துல சத்தம் சரியா இருக்குது. மங்கல வாழ்த்து வரப்ப வாயி ஒரு பக்கம் பாட்டு ஒரு பக்கம் போயிருதுங்க.

எப்படி விலகுகிறது என்று முதலில் கவனியுங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு விலகல் என்றால், எடிட்டரில் ஒலியை அந்த அளவு நகர்த்தினால் தீர்ந்தது. திடீரென்று ஓரிடத்தில் எகிறி அதன்பின் அப்படியே நின்றால், அங்கே பிரேம் போயிருக்கிறது. மேலே சொன்ன தேடலுக்குத் திரும்புங்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக விலகினால் காரணம் வேறு. படத்தைக் கேப்சர் கருவியிலும், ஒலியைக் கணினியின் மைக் துளையிலும் கொடுத்திருப்பீர்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம். 48,000 என்று சொல்லும் ஒலிக் கடிகாரம் 48,005-இல் ஓடினாலே ஒரு மணி நேரத்தில் முக்கால் விநாடியில் பாதி விலகும். சிவப்பு, வெள்ளை பின் இரண்டையும் கேப்சர் கருவியிலேயே செருகி, மென்பொருளில் ஒலிக்கும் அதே கருவியைத் தேர்ந்தெடுங்கள். வர்ச்சுவல்டப்பின் 'டைமிங்' பகுதியில் ஒலியையும் படத்தையும் ஒத்திசைக்கும் தேர்வு இருக்கிறது. அதை ஒரு 30 நிமிடச் சோதனைப் பதிவில் பார்த்து முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே பதிந்த கோப்பு என்றால், ஒலியின் நீளத்தைப் படத்தின் நீளத்துக்கு இழுத்துச் சரிசெய்யலாம்.

பதிஞ்சதுல 'ம்ம்ம்'முன்னு ஒரு எரைச்சல். கேசட்டுல அது இல்லீங்க.

மடிக்கணினி என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் உடனே நின்றால் அது எர்த் சுழற்சி: டெக் ஒரு சுவர்ப் பிளக்கிலும் கணினி இன்னொன்றிலும் இருப்பதால் ஏவி வயரின் வழியே 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடுகிறது. எல்லாவற்றையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் ஒலி வயரின் நடுவே 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' போடுங்கள்; கார் ஸ்டீரியோ கடையில் கிடைக்கும். பிளக்கின் எர்த் காலை வெட்டுவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். இரைச்சல் போய்விடும், கூடவே உங்கள் உயிர்க்காவலும் போய்விடும்.

ஆளு கையை ஆட்டினா சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா வருது. கருவி கெட்டுப்போச்சுங்களா?

கெடவில்லை. கேசட் படம் நொடிக்கு 50 அரைப்படமாக, ஒற்றை வரி ஒரு முறை, இரட்டை வரி ஒரு முறை என்று வருகிறது. கணினித் திரை இரண்டையும் சேர்த்துக் காட்டுவதால் அசைவில் சீப்பு தெரிகிறது. பதியும்போது இதைத் திருத்த முயலாதீர்கள். 576 வரியும் அப்படியே பதியட்டும். பிறகு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'பிவ்டிஃப்' (Bwdif) வடிகட்டியை 'பாப்' முறையில் வைத்து, பிரேம் ரேட் 50, தரம் ஆர்எஃப் 18 என்று எம்பி4 ஆக்குங்கள். 25-க்குக் குறைத்தால் அசைவின் வழவழப்பில் பாதி போய்விடும். அசைவு முன்னும் பின்னுமாகத் துடித்தால் அரைப்பட வரிசை தலைகீழாகி இருக்கிறது: அனலாக் கருவியில் பெரும்பாலும் மேல்வரி முதலில், மினி டிவியில் கீழ்வரி முதலில்.

படத்தின் அடியில் ஏழெட்டு வரி கிழிந்ததுபோல் இருக்கும். எல்லா விஎச்எஸ் கேசட்டிலும் உண்டு; பழைய டிவியின் சட்டம் அதை மறைத்துவைத்திருந்தது. கடைசியில் வெட்டிவிடுங்கள்.

மாப்பிள்ளை வேட்டியெல்லாம் வெளுத்துப்போயி மடிப்பே தெரியலீங்க.

அக்காலத்தில் ஃபோகஸ் லைட்டை முகத்துக்கு நேராகப் பிடித்தே எடுத்தார்கள். கொஞ்சம் வெளுப்பு கேசட்டிலேயே இருக்கும். மீதியைக் கேப்சர் கருவி கூட்டுகிறது. வர்ச்சுவல்டப்பில் ஹிஸ்டோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு, வெள்ளை வேட்டி நிறைய வரும் காட்சியை ஓட்டுங்கள். பட்டை வலது ஓரச் சிவப்பில் முட்டினால் கான்ட்ராஸ்டைக் குறையுங்கள். கறுப்பு முடி இடது சிவப்பில் முட்டினால் பிரைட்னஸைக் கூட்டுங்கள். திரையில் படம் சற்று மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. மங்கலைப் பிறகு தூக்கலாம். பதிவில் வெட்டுப்பட்ட வெள்ளைக்குள் மடிப்பைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

பக்கத்துலயே தறிக்கூடமுங்க. கரண்டு ஏறி எறங்குது, பஞ்சுத் தூசியும். என்ன பண்றது?

சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் இது நிஜமான தொல்லை. தறி மோட்டார் கிளம்பும்போது மின்னழுத்தம் ஒரு கணம் இறங்கும். கணினி தாங்கிக்கொள்ளும், டெக் தாங்காமல் படத்தை உதறும். யூபிஎஸ் இருந்தால் கணினியோடு டெக்கையும் அதிலேயே செருகுங்கள். பலர் டெக்கை மறந்துவிடுகிறார்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளைச் செய்தித்தாளில் பார்த்து அன்று பதிவு வைக்காதீர்கள். பாதியில் நின்ற மூன்று மணிப் பதிவு பெரும்பாலும் திறக்காது.

பஞ்சு, கணினி விசிறியின் பின்னால் இருக்கும் தகட்டுச் சீப்பில் கம்பளி விரித்ததுபோல் படியும். வெளியிலிருந்து பார்த்தால் விசிறி சுத்தமாகவே தெரியும். காற்று போகாமல் செயலி சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அங்கே பிரேம் போகும். தறிப் பகுதியில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கழற்றித் தட்டுங்கள். புளோயர் அடிக்கும்போது விசிறி இறகை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் கரூர், ஈரோடு வெயிலுக்குப் பதிவை விடிகாலையில் வைப்பது நல்லது.

'4கே'ன்னு போட்ட எச்டிஎம்ஐ கேப்சர் வாங்கினேனுங்க. கேமரா படம் தெளிவாவே இல்ல.

மலிவான அந்தக் குச்சிகளில் பெரும்பாலும் எம்எஸ்2109 என்ற யூஎஸ்பி 2.0 சில்லு இருக்கும். 4கே சிக்னலை உள்ளே ஏற்கும் என்பதுதான் அந்த எழுத்தின் பொருள். வெளியே தருவது 1080 வரி, 30 பிரேம்; அதையும் எம்ஜேபெக் ஆகச் சுருக்கித்தான் தரும். சுருக்காமல் அனுப்ப நொடிக்கு 124 எம்பி வேண்டும், யூஎஸ்பி 2.0-வில் கிடைப்பது எவ்வளவு என்று மேலே சொன்னோம். உள்ளூர் நிகழ்ச்சியை நேரலை செய்ய இது போதும். 1080-ஐ 60 பிரேமில் சுருக்காமல் எடுக்க யூஎஸ்பி 3.0 கருவியும், நீல நிறத் துளையும் வேண்டும்.

ஓபிஎஸ்ல பிரேம் போறதுக்கு மூணு எண்ணு காட்டுது. எதைப் பாக்கறது?

ஓபிஎஸ் என்பது பதிவுக்கும் நேரலைக்குமான இலவச மென்பொருள். அதில் 'ரெண்டரிங் லேக்' ஏறினால் கிராபிக்ஸ் திணறுகிறது: முன்னோட்டத் திரையை மூடுங்கள், காட்சியில் தேவையில்லாதவற்றை எடுங்கள். 'என்கோடிங் லேக்' ஏறினால் செயலி திணறுகிறது: என்கோடரை, கிராபிக்ஸ் சில்லே வேலையைச் செய்யும் என்வென்க் அல்லது குயிக் சிங்க்குக்கு மாற்றுங்கள். மூன்றாவது நெட்வொர்க், நேரலைக்கு மட்டும். பதிவை எம்கேவி-யாக வையுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிந்தது திறக்கும். பிறகு ஓபிஎஸ்-இலேயே எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

முப்பது கேசட்டு இருக்குது. ரெண்டு டெக்கு போட்டு ஒட்டுக்காப் பதியலாமுங்களா?

இரண்டு கருவிக்கும் சேர்த்து நொடிக்கு 41 எம்பி; ஒரே யூஎஸ்பி 2.0 வழியில் நுழையாது. இரண்டும் வேறு வேறு கன்ட்ரோலரில் இருந்தால் முடியும். மேசைக் கணினியில் பிசிஐ எக்ஸ்பிரஸ் யூஎஸ்பி கார்டு ஒன்று போட்டால் ஆயிற்று. ஆளுக்கு ஒரு டிஸ்க்கும் கொடுங்கள். ஒரே மாதிரிக் கருவி இரண்டு வாங்கினால் மென்பொருளில் இரண்டுக்கும் ஒரே பெயர் வந்து குழப்பும். வேறு வகையாக வாங்குங்கள். மடிக்கணினியில் இதற்கு முயல வேண்டாம்.

பதிஞ்சாச்சுங்க. இனி கேசட்டைத் தூக்கிப் போட்டரலாமா?

கோப்பைத் திறந்து தொடக்கம், நடு, கடைசி மூன்று இடத்திலும் ஐந்து நிமிடம் பாருங்கள், உதட்டசைவு ஒத்துப்போகிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். டிராப் எண்ணிக்கையைக் கேசட் உறையில் பென்சிலால் எழுதுங்கள். கோப்பை இரண்டு டிஸ்க்கில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுங்கள். இழப்பில்லாத மூலக் கோப்பையும் வைத்திருங்கள். எம்பி4 மட்டும் போதும் என்று மூலத்தை அழித்தால் நாளை நல்ல வடிகட்டி வந்தாலும் கொடுக்க எதுவும் இருக்காது.

கேசட்டைப் போட வேண்டாம். முழுதாகப் பின்சுற்றி, உறையில் போட்டு, புத்தகம்போல் நிறுத்தி வையுங்கள். படுக்கப் போட்டால் நாடாவின் ஓரம் மடங்கும். பீரோவில் வைத்தால் ஸ்பீக்கருக்கும் இன்வெர்ட்டருக்கும் எட்டத்தில், தரையிலிருந்து இரண்டு அடிக்கு மேலே.